ஆளில்லாத அறைகளின் ஏ.சி.

அந்த விமானத் தளத்தில் நான்கு வருடம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். வளைகுடாவில் ஒரு சின்ன நாடு. மண் அவர்களுடையது, ஓடுபாதையில் நின்ற விமானங்கள் கடல் தாண்டி வந்த ஒரு பெரிய நேச நாட்டுடையவை, அவற்றை ஓட்டியவர்களும் அந்த நாட்டுக்காரர்கள். வாசலில் இரண்டு கொடிகள். எங்கள் அட்டையை முதலில் உள்ளூர்க் காவலர் பார்ப்பார், பிறகு அந்த நாட்டு வீரர் பார்ப்பார். எங்களைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்கள் தங்கியது வேலிக்கு வெளியே, தகரக் கூரை போட்ட கேம்ப்பில்.

எனக்குக் கோயம்புத்தூர் பக்கம் சோமனூர். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் பயமில்லை என்று வந்த புதிதில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது. தளத்திலிருந்து விமானங்கள் போயின, வந்தன. எங்கே போயின, என்ன செய்தன என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இடம் கொடுத்தவனையும் சும்மா விடமாட்டோம் என்று எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் செல்போனில் படித்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

"ஆறாம் பிளாக்ல எல்லா ஏ.சி.யும் ஆஃப் பண்ணிடு. ஃபில்டரைக் கழட்டிக் கழுவி வெச்சிடு."

"ஏனுங்க, ஆளுக இருக்கறாங்களே?"

"இல்ல. போயாச்சு."

போய்ப் பார்த்தேன். ஒரு அறையில் கட்டில்மேல் பாதி மடித்த துண்டு கிடந்தது. இன்னொன்றில் டப்பாவில் கரண்டியோடு நூடுல்ஸ். பன்னிரண்டாம் அறை எனக்குத் தெரிந்த அறைதான். அங்கே ஒரு இளம்பெண் இருந்தாள், ரேடார் பிரிவு. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். வேலை முடியும்வரை வெளியே நின்று, போகும்போது நன்றி சொல்வாள். அவள் அறையில் சுவரில் ஒட்டிய நாய்ப் படம் மட்டும் இருந்தது. ஸ்விட்சை அணைத்தேன். கம்ப்ரஸர் நின்றதும் அறை சட்டென்று சூடாகத் தொடங்கியது.

மறுநாள் நான்காம் பிளாக். அதற்கு மறுநாள் மூன்றும் ஐந்தும். எந்தச் செய்தியிலும் வருவதற்கு முன்பே, அவர்கள் எத்தனை பேர் கிளம்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அணைத்து அணைத்தே தெரிந்துகொண்டேன்.

"நம்மள எப்பங்க அனுப்புவாங்க?" என்று ஃபோர்மேனிடம் கேட்டேன்.

"நானும் கேட்டேன். அவங்க லிஸ்ட்ல நம்ம இல்லையாம். கம்பெனியைக் கேளுன்னாங்க. கம்பெனியைக் கேட்டா, விமானமே இல்ல, வானத்த மூடியாச்சுன்னு சொல்லுது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் ரெண்டு பிளாக் இருக்கு. வா."

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவியின் போன் வந்தது. அவள் சோமனூரில் தறி ஓட்டுகிறாள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"டிவில போடறாங்க. அங்கயேதான் குண்டு போடுவாங்களாமா. நீங்க எங்க இருக்கறீங்க?"

"கேம்ப்புல இருக்கறன் அம்மணி. தளம் தொலைவுல இருக்குது."

பொய். தளத்துக்குள் இரண்டாம் பிளாக்கின் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அவங்க சண்டைக்கு நீங்க ஏனுங்க அங்க இருக்கோணும்? கெளம்பி வந்துபோடுங்க."

"வாரேன், வாரேன்" என்றேன். எப்படி வருவதென்று அவளும் கேட்கவில்லை.

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் அபாயச் சங்கு ஊதியது. ஃபோர்மேன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிளாக்குக்குப் பின்னாலிருந்த கான்கிரீட் பதுங்கறைக்கு ஓடினார். நாற்பது பேர் உட்காரலாம். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அதை எடுத்துக் குடிக்கலாமா கூடாதா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன்.

முதல் சத்தம் வானத்தில் கேட்டது. இரண்டாவது எங்கள் தலைமேலேயே விழுந்த மாதிரி இருந்தது. ஃபோர்மேன் என் கையை விடவே இல்லை. அவர் உதடு அசைவது தெரிந்தது, ஒன்றும் காதில் விழவில்லை.

வெளியே வந்தபோது இரண்டாம் பிளாக்கின் மொட்டை மாடியில் ஏ.சி. யூனிட்டுகள் நசுங்கிக் கிடந்தன. நடுவானில் அடித்து நொறுக்கிய ஏவுகணையின் துண்டு விழுந்திருந்தது. நாங்கள் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்த படிக்கட்டு கண்ணாடித் தூளால் நிறைந்திருந்தது. யாரும் சாகவில்லை என்று அறிவித்தார்கள். அது உண்மைதான். என் இடது காதில் மட்டும் சத்தம் நிற்கவில்லை.

சில நாளில் சண்டை நின்றது. உத்தரவு வந்தது: எல்லா பிளாக்கிலும் ஏ.சி.யைப் போட்டு வை, ஆட்கள் திரும்பி வருகிறார்கள். நசுங்கிய யூனிட்டுகளுக்குப் பதில் புதியதை மாட்டினோம். ஆறாம் பிளாக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். உடம்பில் கோபமே இல்லை. உட்கார்ந்தால் எழ முடியாது என்கிற அசதி மட்டும்.

பன்னிரண்டாம் அறைப் பெண் வராந்தாவில் பையோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்களும் இப்போதுதான் திரும்பினீர்களா?"

"நான் போகவில்லை. இங்கேயே இருந்தேன்."

அவள் முகம் மாறியது. பையைக் கீழே வைத்தாள். "உங்களையும் கூட்டிப்போயிருப்பார்கள் என்று நினைத்தேன்" என்றாள் பிறகு. நான் தலையை ஆட்டினேன். அவள் பொய் சொல்லவில்லை. எங்களைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

காண்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது சரவணம்பட்டியில் ஐ.டி. கட்டடங்களுக்கு ஏ.சி. சர்வீஸ். இடது பக்கம் யார் பேசினாலும் திரும்பிப் பார்த்தால்தான் புரிகிறது. டாக்டர் இது இப்படியேதான் இருக்கும் என்கிறார்.

போன மாதம் ஃபோர்மேன் கூப்பிட்டார். அவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

"புது பிளாக் கட்டறாங்க. ஆள் வேணும். வர்றியா?"

"இல்லீங்க. நான் வரலீங்க."

"நல்லது" என்றார். வற்புறுத்தவில்லை. அங்கே இப்போது சூடு எப்படி என்று கேட்டேன். தாங்கவில்லை என்றார்.