பெயர் சொன்ன பிறகே எண்டர்

எண்டரைத் தட்டுவதற்கு முன் கதவக்காவின் உதடுகள் அசையும். திரையில் அடித்த கட்டளையை விரலால் தொட்டுக்கொண்டே போய், பிறக்கப்போகும் கோப்பின் பெயர் இருக்கும் இடத்தில் நிறுத்தி, வாய்விட்டுச் சொல்வார்: “சென்சார் டாட் ஓ.” அப்புறம்தான் தட்டுவார். திரை முழுக்க விரல்ரேகை.

லிஃப்ட் கம்பெனியில் கதவுகளுக்கு மட்டும் நிரல் எழுதுகிறவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். கதவை இழுக்கும் மோட்டாருக்கு ஒரு கோப்பு, குறுக்கே ஆள் நின்றால் கண்டுகொள்ளும் சென்சாருக்கு ஒரு கோப்பு. அவர் எழுதுவதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருவது அசெம்ப்ளர். அது தரும், ‘டாட் ஓ’ என்று பெயர் முடியும் ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக ஒட்டிச் சிப்பில் ஏற்றினால் கதவு சொன்னபடி கேட்கும். பட்டன்களும் படங்களுமாக எவ்வளவோ வசதி வந்துவிட்டது; இவருக்குக் கறுப்புத் திரையும் கட்டளையும்தான். “அதுகிட்ட நறுக்குனு சொன்னா நறுக்குனு செய்யும். வீட்ல யாரு அப்படி இருக்கா?”

வீட்டில் இருப்பவர்களில் ஒருவர், கணவரின் தம்பி, அதே கம்பெனியில் லிஃப்ட் மாட்டும் மெக்கானிக். ஒரு மருத்துவமனையில் அவர் மாட்டிய லிஃப்டின் கதவு, குறுக்கே வைத்துப் பார்த்த அட்டைப்பெட்டியை நேற்று சப்பையாக நசுக்கிவிட்டது. இன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் வேறு கம்பெனியைக் கூப்பிடுவோம் என்று மருத்துவமனை மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காலையில் சென்சார் நிரலைத் திருத்திவிட்டு, “வந்து நானே அசெம்பிள் பண்றேன்” என்று அக்கா மீட்டிங்குக்குப் போனார். மெக்கானிக்குக் கை சும்மா இருக்கவில்லை. தானே கட்டளை அடித்து, ஒட்டி, சிப்பில் ஏற்றி, ஓடிப்போய் மாட்டினார். கதவு இன்னொரு பெட்டியைத் தின்றது.

“உங்க கோடுதான் தப்பு, அண்ணி. எரர்னு ஒரு வரிகூட வரலையே!”

“வராது தம்பி. நீங்க அடிச்சதை அப்படியே மறுபடி அடிச்சுக் காட்டுங்க.”

அடித்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “பிள்ளையைப் பெத்துட்டுப் பேர் வைக்காம விட்டுட்டீங்களே!”

கட்டளையில் பெயர் சொல்லாவிட்டால் அந்த அசெம்ப்ளர் முணுமுணுக்காது. ‘ஏ டாட் அவுட்’ என்று தானே ஒரு பெயர் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். திருத்திய சென்சார் கோப்பு அந்தப் பெயரில் ஓரமாகக் கிடக்க, ‘சென்சார் டாட் ஓ’ என்று ஏற்கெனவே இருந்த பழையதுதான் சிப்புக்குப் போயிருந்தது.

“அட, இதுக்கா ஒரு பெட்டியைக் காவு கொடுத்தேன்?”

“பெட்டியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க.”

அக்கா உட்கார்ந்தார். விரல் நகர்ந்தது. பெயர் சொன்னார். தட்டினார்.

மாலையில் மருத்துவமனை லிஃப்டுக்குள் மெக்கானிக் புதுப் பெட்டியோடு நின்றார். வெளியே அக்காவும் மேலாளரும். “பெட்டியை வெக்கட்டுமா அண்ணி?”

“அது பாவம், இருக்கட்டும்.” அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தார். கதவு மூடத் தொடங்கியதும் வெறுங்கையைக் குறுக்கே நீட்டினார்.

“மேடம்!” என்று மேலாளர் பதறினார்.

கதவு தோலைத் தொடும் முன்னே நின்றது. வந்த வழியே திரும்பியது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையை மட்டும் மெக்கானிக் பக்கம் திருப்பினார், கடிகாரத்தைத் திரும்ப வாங்க.