நான்காம் பாகம் இல்லை

குசாகா சிஸுரு கைக்குக் கிரீம் பூசி முப்பத்தொரு வருடம் ஆகிறது. கியோத்தோ குளிரில் விரல்நுனி வெடித்தாலும் பூச மாட்டார். பழைய புத்தகத்தைத் தொடுகிற கை, கழுவிக் காய்ந்த வெறுங்கையாக இருக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கறார். பல்கலைக்கழக நூலகத்தில், மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பழைய ஜப்பானியப் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதுவது அந்த அம்மாவுடைய வேலை. பையில் பேனா கிடையாது, பென்சில்தான். மளிகைச் சீட்டுக்கும் அதே பென்சில்.

உள்ளூர்ப் புத்தகங்களோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் ஜப்பானியப் புத்தகங்கள் எந்தெந்த நாட்டிலோ போய் உட்கார்ந்திருக்கின்றன. அந்தந்த ஊர் நூலகர்களோடு சேர்ந்து அவற்றையெல்லாம் ஒரே அட்டவணையில் ஏற்றும் கூட்டு வேலை ஒன்று தொடங்கியது. பதினொரு வருடத்துக்கு முன் அதற்காகப் பெல்ஜியத்தில் ஒரு சிறு நகர நூலகத்துக்கு சிஸுருவை அனுப்பினார்கள். பன்னிரண்டு நாளில் முந்நூற்று நாற்பது நூல்கள். கடைசி நாள் மத்தியானம், ரயிலுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், பூங்கொடி வளர்ப்பைப் பற்றிய ஐந்து பாக நூல் ஒன்று கைக்கு வந்தது. உறைப்பெட்டிக்குள் நான்கு புத்தகங்கள்தான் இருந்தன. அட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. 'நான்காம் பாகம் இல்லை' என்று எழுதிவிட்டு ஓடினார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, பல் தேய்க்கும்போது பொறி தட்டியது. 'நான்காம் பாகம்' என்று தொடங்கும் பக்கத்தை அவர் பார்த்திருக்கிறார்! ஓரத்தில் அவரைக்கொட்டை அளவுக்குப் பூச்சி அரித்த ஓட்டைகூட ஞாபகம் இருந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றார். கண்ணால் பார்த்த புத்தகம் பெட்டியில் இல்லையென்றால், தொலைத்தது வேறு யார்? அவசரத்தில் வேறொரு பெட்டிக்குள் போட்டிருக்க வேண்டும். வெட்கத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அதைவிடக் கொடுமை, உலகமே பார்க்கிற அட்டவணையில் இவரே 'இல்லை' என்று எழுதிவிட்டார். இனி அதை யார் தேடப்போகிறார்கள்?

இந்த மார்ச் மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குப் பிறகு அட்டவணையில் ஓர் எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. பிப்ரவரியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெல்ஜிய நூலகர் லீவேக்குக் கடிதம் எழுதினார்.

வம்பு என்னவென்றால், சிஸுருவுக்கு முறையாகக் கடிதம் எழுதத் தெரியும். பிளம் பூ பூத்ததில் ஆரம்பித்து, உடல்நலம் கேட்டு, பழைய உபசரிப்புக்கு நன்றி சொல்லி, மூன்றாம் பக்கத்தின் அடியில், 'முன்பு அங்கே வந்தபோது என் கவனக்குறைவால் ஏதேனும் சிரமம் நேர்ந்திருக்குமோ என்று அஞ்சுகிறேன்' என்று முடித்தார். கியோத்தோக்காரர் யாராக இருந்தாலும் இதைப் படித்து, ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று பதறியிருப்பார்கள். லீவே எழுதிய பதில்: 'இங்கேயும் மழைதான். சிரமமெல்லாம் ஒன்றுமில்லை. ஓய்வுக்கு வாழ்த்துகள்!'

மிச்சமிருந்தது அந்தக் கூட்டு வேலையின் மார்ச் மாதக் காணொளிக் கூட்டம் மட்டும். கியோத்தோவில் மாலை ஐந்து மணி, அங்கே காலை ஒன்பது. லீவே ஒசாகா மீன் சந்தையில் ஜப்பானிய மொழி பழகியவள். பேச்சில் மரியாதை, பெயருக்குப் பின்னால் ஒட்டும் 'சான்' என்பதோடு சரி.

"லீவே சான், அந்தப் பூங்கொடிப் புத்தகம்... நாலாம் பாகத்த நாந்தாங்க தொலைச்சேன்."

முழுக்கதையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மேசையில் நெற்றி படக் குனிந்தார்.

"இதப் பதினோரு வருஷமா வயித்துக்குள்ளயா வச்சிருந்தீங்க? மூணு பக்கம் பூவப் பத்தி எழுதத் தெரியுது, இத எழுத வரலயா?"

"எழுதியிருந்தேனே... கடைசில."

"அதுவா! ஏதோ காப்பிக் கோப்பையத்தான் ஒடைச்சுட்டீங்கன்னு நெனச்சேன். இருங்க, வரேன்."

அரை மணி நேரம் திரையில் காலி நாற்காலிதான் தெரிந்தது. சிஸுரு தேநீரைத் தொடவில்லை. லீவே உறைப்பெட்டியும் கையுமாக வந்தாள்.

"பக்கத்துப் பெட்டி பத்தையும் தொறந்து பாத்துட்டேன், இல்ல. ஆமா, இந்த மூணாவது மட்டும் ஏன் இவ்ளோ குண்டா இருக்கு?"

சிஸுரு திரையை நெருங்கிக் குனிந்தார். அன்றைக்கு அவர் அட்டைகளை எண்ணினாரே தவிர, பக்கங்களை எண்ணவில்லை.

"நடுவுல தொறங்க. மெதுவா."

திறந்தாள். 'நான்காம் பாகம்.' ஓரத்தில் அவரைக்கொட்டை ஓட்டை. அதற்கு முந்தைய பக்கத்திலும் அதே இடத்தில் அதே ஓட்டை. யாரோ பழைய சொந்தக்காரர் இரண்டு பாகங்களையும் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்திருக்கிறார், பூச்சி பாகம் பார்க்காமல் இரண்டையும் துளைத்திருக்கிறது. இந்த மாதிரித் தையலை அடுத்தவர் அட்டவணைகளில் நூறு தடவை கண்டுபிடித்துத் திருத்தியவர் சிஸுரு!

"தொலையல," என்றார். "தொலையவே இல்ல." அழுகையும் சிரிப்புமாக மூக்கு ஒழுகியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. பதினொரு வருடத்தில் இப்படி ஒரு மூச்சு விட்டதே இல்லை.

கூடச் சிரித்த லீவே சட்டென்று நிறுத்தினாள். "ஹெர்வின் ஐயாவுக்குச் சொல்லணுமே."

சிஸுரு அங்கே போயிருந்தபோது நூலகத் தலைவராக இருந்தவர் ஹெர்வின். கியோத்தோ அம்மாவே 'இல்லை' என்று எழுதிவிட்ட பிறகு அந்தப் பெட்டியை எதற்குத் திறப்பானேன்? முன்பு புத்தகங்களை நிலவறைக்கு மாற்றியபோது தன் கையால்தான் தொலைந்தது என்று அவராக முடிவு கட்டிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் வியாழக்கிழமைதோறும் வந்து அதைத் தேடி நிலவறையைக் குடைவாராம்.

லீவே போன் போட்டு அவர்கள் மொழியில் சொன்னாள். அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு குரல்.

"திட்டுறாரா?"

"'அப்போ இனிமே வியாழக்கிழம நான் வர வேண்டாமா'ன்னு கேக்குறார்."

சிஸுரு விசைப்பலகையை இழுத்தார். 'நான்காம் பாகம் இல்லை' என்பதை அழித்து, 'மூன்றும் நான்கும் ஒரே அட்டைக்குள்' என்று அடித்துச் சேமித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"வரச் சொல்லுங்க. ஏப்ரல்ல நானும் வரேன். அவர் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேக்கணும்."

லீவே அதைப் போனில் சொன்னாள். கரகரக் குரல் உடனே பதில் சொன்னது. லீவே வாய்விட்டுச் சிரித்தாள்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். பென்சிலோட வரச் சொல்றார். ரெண்டு பேருமா ஒக்காந்து பக்கத்த எண்ணலாமாம்."