துணிக்குப் பின்னால் பார்த்த ராஜா

பத்துமலை பிறவியிலேயே இடது கைக்காரர். இந்த ஒரு விஷயத்துக்காக ஒரு மனுஷன் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொள்ள முடியுமோ அவ்வளவும் வாங்கிக் கட்டிக்கொண்டவர். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, அம்மா சோற்றுத் தட்டுக்கு எதிரில் அகப்பையோடு உட்கார்ந்திருப்பாள். இடது கை சோற்றுக்குப் போனால் முட்டியில் ஒன்று விழும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கையைப் பெஞ்சோடு கட்டியே போட்டார். வளர்ந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் அங்கே வேலை வாங்கும் கங்காணி. பால் வெட்டும் கத்தியும் வலது கைக்காரனுக்காக அடித்தது, மரத்தில் பால் வடியக் கீறும் கோடு சரியும் பக்கமும் அவனுக்காகத்தான். பத்துமலை உடம்பை எப்படியெல்லாமோ வளைத்து இடது கையாலேயே வெட்டினார். பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பித் தம்ளரை இடது கையால் வாங்கினார். பேச்சு அதோடு முறிந்தது. பிறகு யாரும் பெண் பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் மசியாமல் இருந்ததற்கு ஒரு சினிமாதான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். தம்பி ஜெயபாலனும் சிரித்தவர்தான்.

அப்போதெல்லாம் தோட்டத்துக்குச் சினிமா வண்டி வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். வருவதெல்லாம் பட்டணத்தில் ஓடித் தேய்ந்த படங்கள், சினிமா வாய் திறந்து பேச ஆரம்பித்த காலத்தவை. அதில் ஒன்று ராஜா கதை. கட்டில் பறக்கும், அதைத் தூக்கும் கயிறும் கூடவே பறக்கும். கரடி வரும், கரடியின் காலில் செருப்பு இருக்கும். சண்டைக்கு முன்னால் ராஜா ஒரு பாட்டை முழுசாகப் பாடுவார். எதிரி அதுவரை மரியாதையாகக் காத்திருப்பான். அப்புறம்தான் ராஜா வாளை உருவுவார். இடது கையால்.

"பாத்தியாடா பாலா? ராஜாவே பீச்சாங்கைடா!" என்று அன்றைக்குத் துள்ளியவர்தான் பத்துமலை. அதற்குப் பிறகு யார் அடித்தாலும், யார் ஏசினாலும் அவருக்கு அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது.

வயதான பிறகு அண்ணனும் தம்பியும் சிலிபினில் ஜெயபாலன் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். சாயங்காலம் ஆனால் பழைய படம்தான். படம் எவ்வளவு மோசமோ இருவருக்கும் அவ்வளவு கொண்டாட்டம். அட்டைக் கோட்டை காற்றில் ஆடினால், வில்லனின் ஒட்டு மீசை நழுவினால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் பத்துமலை சொல்வார்: "சிரிக்கலாம்லா. ஆனா மொதமொதல்ல செஞ்சவன் அவன். அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" ராஜா படம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

போன வருஷம் பத்துமலைக்குப் பக்கவாதம் வந்தது. உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, அது இடது கையைப் பார்த்துப் பிடித்தது. இனி வலது கையால் சாப்பிடப் பழகுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் பழகவில்லை. ஜெயபாலனின் மகள் துளசி ஊட்டப் போனால் பாதியில் வாயை மூடிக்கொண்டார். நாளுக்கு நாள் ஆள் இளைத்தார்.

"அந்த ராஜா படத்த ஒரு தடவ காட்டுடா பாலா. பாத்தா எனக்கு ஒரு வீம்பு வரும். இந்தக் கைய நான் தூக்கிருவேன்" என்றார். ஜெயபாலனும் அதை நம்பினார். நம்புவதற்கு வேறு எதுவும் அவரிடம் இல்லை.

தேடித் தேடி ஒருநாள் துளசி படத்தை யூடியூப்பில் கண்டுபிடித்தாள். ஜெயபாலன் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்தார். கட்டில் பறந்தது. கரடி செருப்போடு வந்தது. பாட்டு முடிந்தது. ராஜா வாளை வலது கையால் உருவினார்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். வலது கைதான். வேறு படமோ என்று தொடக்கத்துக்கே போனார். அங்கே எழுத்துகள் ஓடின, சுலபமாகப் படிக்க முடிந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திடலில் துணிக்கு முன்னால் கணக்கெழுதும் கிராணி வீட்டாரும் கங்காணி வீட்டாரும் நாற்காலி போட்டிருப்பார்கள். லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் துணிக்குப் பின்னால் புல்லில் கிடந்து பார்த்தார்கள். எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. எழுத்து ஏன் புரியவில்லை என்று அன்றைக்கு இவர் கேட்டபோது, "அது ராஜா காலத்து எழுத்துடா" என்று விளக்கியவரும் இதே அண்ணன்தான்.

இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? ஜெயபாலனால் முடியவில்லை. துளசி சமையலில் இருந்தபோது, டிவி வைத்த சக்கர மேசையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, எதிரே ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார்.

"வயரு எட்டலண்ணே. கண்ணாடியில பாருங்க."

பத்துமலை பார்த்தார். கரடிக்குச் சிரித்தார். ராஜா கண்ணாடிக்குள் இடது கையால் வாளை உருவியதும், "அதோ! அதோடா!" என்றார். போர்வைமேல் கிடந்த இடது கையில் ஒரு விரல் அசைந்ததுபோல் ஜெயபாலனுக்குத் தோன்றியது. ஆசையில் தோன்றியதாகவும் இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத் துளசி கஞ்சியோடு வந்தாள்.

"என்னப்பா இது, பெரியப்பாவ கண்ணாடியில பாக்க வச்சிருக்கீங்க? வயரு நல்லா எட்டுதுலா!"

"வேணாம்மா, விடு..."

அதற்குள் அவள் மேசையைக் கட்டில் பக்கம் திருப்பிவிட்டாள். ராஜா அடுத்த எதிரியோடு மோதிக்கொண்டிருந்தார். பத்துமலை வாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார். சண்டை முடிந்ததும் தம்பி பக்கம் திரும்பினார்.

"நாம துணிக்குப் பின்னாலதானே உக்காந்திருந்தோம், பாலா?"

"ஆமாண்ணே."

"அப்ப பீச்சாங்கை நான் மட்டுந்தானா?"

ஜெயபாலன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். ஏதாவது சொல்ல வேண்டும், ஒரு பொய்யாவது சொல்ல வேண்டும் என்று தவித்தார்.

பத்துமலை வலது கையை நீட்டித் துளசியிடமிருந்து கரண்டியை வாங்கினார். கஞ்சியைக் கலக்கினார். கொஞ்சம் மேலே சிந்தியது, மீதி வாய்க்குப் போனது.

"அப்பா! பெரியப்பா அவராவே சாப்பிடுறாருப்பா!" துளசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா, வாத்தியார், கங்காணி எல்லாரும் சேர்ந்து ஆகாத காரியம். ஜெயபாலன் அழுகையை மறைக்கக் கண்ணாடியை எடுத்து வைக்கப் போனார். அதில் அவருக்குப் பின்னால் அண்ணன் தெரிந்தார். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.