பக்கம் குறிப்பிடப்படாத காது

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் அவளை எல்லோரும் ‘எந்தப் பக்கம்’ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. வேலை, மெடிக்கல் கோடிங். டாக்டர் அவசரமாகத் தட்டிவிட்டுப் போகும் குறிப்பைப் படித்து, நோய்க்குரிய குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு வலி புரியாது; குறியீடு புரியும்.

கோடிங்காரர்களைப் பழிவாங்கவே ஆண்டவன் உறுப்புகளை இரண்டிரண்டாகப் படைத்தான் என்பது அக்காவின் கட்சி. நடுக்காதில் நாள்பட்ட சீழ் என்றால் வலதுக்கு ஒரு குறியீடு, இடதுக்கு ஒன்று, இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. கூடவே, டாக்டர் பக்கத்தை எழுதாமல் விட்டால் போடுவதற்கு ‘பக்கம் குறிப்பிடப்படாத காது’ என்றும் ஒன்று உண்டு. உலகத்தில் எவன் தலையிலும் அப்படியொரு காது முளைத்ததில்லை. ஆனால் இங்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் காதுதான் ஒழுகும்.

டாக்டரிடம் கேட்டுவிட வேண்டியதுதானே? கேட்கலாம். ஆனால் ‘இடதுதானே டாக்டர்?’ என்று கேட்கக் கூடாது. பதிலை அவர் வாயில் திணித்ததாக ஆகிவிடும். தணிக்கையில் மாட்டினால் வேலைக்கே உலை. ஆகவே ‘வலது, இடது, இரண்டும், தீர்மானிக்க இயலவில்லை’ என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்டுக் கேட்டு இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

“ஏங்க, காபியா, டீயா, ரெண்டுமா, இன்னும் தீர்மானிக்கலையா?”

“குடிக்க ஏதாவது குடு தாயே” என்பார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர் நீச்சல் பயிற்சியாளர். இடது காதின் சவ்வில் ஓட்டை; வருஷக்கணக்காகச் சீழ். தண்ணீர் படக் கூடாது. முழுக்கால் சட்டையும் விசிலுமாகக் குளத்தின் விளிம்பில் நின்றே நீச்சல் சொல்லிக் கொடுத்ததில், பிள்ளைகள் அவருக்குக் ‘கரை மாஸ்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நீச்சல்குள மேனேஜருக்கு அந்தத் தமாஷ் ரசிக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த சீசன்ல தண்ணியில இறங்கற ஆள்தான் வேணும்.”

சவ்வை ஒட்டுப்போட்டு அது ஆறவே சில மாதம் ஆகும். அதனால் வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நடந்தே ஆக வேண்டும். தள்ளிப்போனால் வேலை போச்சு.

அவருக்கு எந்தக் காது கேட்காது என்பது தெருவுக்கே தெரியும். பால்காரர் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்துதான் பேசுவார். மகளுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் வலப்பக்கம் உட்காருவாள். எதிர்த்துப் பேசுவதானால் இடப்பக்கம்.

டாக்டரின் குறிப்பு மட்டும் இப்படி இருந்தது: ‘நாள்பட்ட காது ஒழுக்கு. சவ்வில் ஓட்டை. அறுவை சிகிச்சை.’ பக்கம் இல்லையென்று காப்பீட்டு நிறுவனம் அனுமதி மறுத்துவிட்டது.

சொந்தக்காரர் கோப்பைக் கோடிங்காரர் தொடக் கூடாது. கோப்பு பக்கத்து மேஜைக்குப் போயிற்று. அங்கே இருப்பவன் பெயர் ‘புல்லட்’, வேகத்துக்காக வைத்தது. அவன் முறைப்படி டாக்டருக்குக் கேள்வி அனுப்பினான்: வலதா, இடதா, இரண்டுமா, தீர்மானிக்க இயலவில்லையா?

“அக்கா, டாக்டர் பதில் போட்டுட்டாரு.”

“என்னன்னு?”

“‘ஆம்’னு.”

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். புல்லட் மறுபடி அனுப்பினான். இந்த முறை ‘சீழ்: இடது’ என்று வந்தது. பரவசமாகக் குறியீட்டைப் போட்டு அனுப்பினால், மறுநாள் அதுவும் திரும்பிவிட்டது. சீழுக்குத்தான் பக்கம் சொல்லியிருக்கிறதாம். சவ்வு ஓட்டைக்குத் தனிக் குறியீடு. அதற்குப் பக்கம் இல்லையாம். ஆக, இடது காதில் சீழ். ஓட்டை வேறு எங்கோ.

“நம்ம மாமாவுக்கு மூணாவதா ஒரு காது இருக்கோ என்னவோ” என்றான் புல்லட்.

“சிரிக்காதடா, பத்திக்கிட்டு வருது.”

கோடிங்காரியாகக் கேட்டால்தானே விதி? மனைவியாகப் போவோம் என்று, வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள்.

“ஏம்மா, உங்க வீட்டுக்காரர்னு முன்னாடியே சொல்லியிருந்தா உடனே எழுதியிருப்பேனே!” என்றார் டாக்டர்.

“மத்தவங்க எல்லாம் யார் வீட்டுக்காரரும் இல்லையா டாக்டர்?”

டாக்டர் அதை நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தார். “சரி சரி, ஓட்டை எந்தப் பக்கம்?”

இதைக் கேட்பாரா என்றுதானே அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள்! பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் பாழாய்ப்போன நாக்கு, பழகின தடத்திலேயே ஓடியது.

“வலது, இடது, ரெண்டும், தீர்மானிக்க இயலவில்லை... நீங்கதான் டாக்டர் சொல்லணும்.”

இந்த அம்மாளை வேறு பிரிவுக்கு அனுப்பலாமா என்பது போல டாக்டர் பார்த்தார். பிறகு கருவியை எடுத்துக் காதுக்குள் எட்டிப் பார்த்து, இடது என்று எழுதினார். சாயங்காலமே அனுமதி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. பச்சை அங்கியோடு சக்கரக் கட்டிலில் வீட்டுக்காரர். பேனாவும் கையுமாக நர்ஸ் வந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டிய காதின் பக்கம் அடையாளம் போட வேண்டும். வந்தவர் நின்றது இடப்பக்கம்.

“ஐயா, எந்தக் காதுங்க? வலதா, இடதா?”

காதில் விழாதபோதெல்லாம் செய்வதைப் போலவே வீட்டுக்காரர் பெரிதாகப் புன்னகைத்தார்.

“ஆமா.”

“இடது!” என்று அக்கா போட்ட கூச்சலில் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பல வருஷத்துச் சரக்கு அது.

“நீங்க சொல்லக் கூடாதும்மா” என்றார் நர்ஸ். “அவர் வாயாலதான் வரணும். இல்லேன்னா உள்ள எடுக்க மாட்டாங்க.”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் போனாள். குனிந்து, நல்ல காதுக்குள் கேட்டாள்.

“ஏங்க, எந்தக் காதுங்க?”

அவர் கோபத்தோடு அவளைப் பார்த்தார்.

“ஏன், உனக்குத் தெரியாதா?”