ஞானவேலின் குரங்கு குல்லா

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் உம்மு ஹபீபாவின் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்த எந்தப் படமும் கோளாறோடு திரும்பியதில்லை. மூடிய கண்ணைத் திறந்துவிடுவார். பனிமூட்டத்தில் ஒன்றுமே தெரியாத படத்தில், பின்னால் ஒரு பள்ளத்தாக்கையே விரித்துவைப்பார். டூரிஸ்டுகளும் அதைக் கண்ணாரப் பார்த்ததாகவே ஊருக்குப் போய் அளப்பார்கள். இத்தனையும், மூடிப்போன நெட் சென்டரில் வாங்கிய கிழட்டு கம்ப்யூட்டரில், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளை வைத்துத்தான். பொத்தானை அழுத்திவிட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அது கண் விழித்திருக்கும். புதுசு வாங்கலாமா என்று கணவர் ரஷாத் கேட்டால், "இதுக்கென்ன கொறச்சல்? உங்களைவிட வெரசாத்தான் எந்திரிக்குது" என்று வாயை அடைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட ஹபீபாவையே திணறடித்தவர் வீரம்மா. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்; இங்கே கேரட் தோட்டத்தில் வேலை. கணவர் ஞானவேல் இறந்து வருசம் திரும்பப்போகிறது. திதிக்கு மாலை போடப் படம் வேண்டும். கொண்டுவந்த படங்களில் எல்லாம் மனிதர் குரங்கு குல்லாவுக்குள் இருந்தார். தை மாசக் குளிர் என்று கல்யாணப் படத்திலும் மாலையும் குல்லாவுமாக நின்றார். அடையாள அட்டையோ, சட்டைப் பையில் மழையில் ஊறி முகமே அழிந்துபோயிருந்தது.

"குல்லாயோட மாட்டுனா ஊரே சிரிக்கும்னு நாத்தனா சிவபாக்கியம் ஒரே சத்தம். வர்ற வெள்ளிக்கெழமை திதி. எப்படியாச்சும் கழட்டிக் குடுங்க தங்கச்சி."

"கழட்டிருவோம்க்கா. உள்ள முடி எப்படி இருக்கும்?"

வீரம்மா யோசித்தார். "முன்னுக்குக் கொஞ்சம் வழுக்கை... இல்ல, அது எங்க அண்ணன்."

ஞானவேல் தூங்கியதும் தின்றதும் குல்லாவோடுதான். குளிக்கும்போது கழற்றுவார், அப்போதும் வெந்நீர் ஆறிவிடும் என்று கதவைச் சாத்திக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து 'கழட்டித் தொலைங்க' என்று வீரம்மா சொல்லாத நாளில்லை. அவர் காதில் விழுந்ததுமில்லை. குல்லாதான் காதை மூடியிருந்ததே.

ஹபீபா விடுகிற ஆளா? கைக்கு எட்டிய தலை ரஷாத்தின் தலை. அவர் படம் ஒன்றிலிருந்து நெற்றி, முடி, காது மூன்றையும் வெட்டி ஞானவேல் மேல் ஒட்டினார். மறுநாள் வந்த வீரம்மா திரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து வந்த ரஷாத்தைப் பார்த்தார். சட்டென்று முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்.

"ஐயையோ! பாய் படத்துக்கா நான் மாலை போடுறது?"

ரஷாத் அன்று முழுக்கத் தலையைத் தடவிக்கொண்டே திரிந்தார். ஹபீபாவுக்கோ ரோஷம் வந்துவிட்டது. வீரம்மாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, தூக்கத்தில் குல்லா நழுவியபோது கண்டதை நினைத்து நினைத்து அவர் சொல்லச் சொல்ல வரைந்தார். நரையைக் கூட்டினார், காதைச் சிறிதாக்கினார், நெற்றியில் மண்வெட்டிக் காம்பு பட்ட தழும்பை வைத்தார்.

"இவருதான்" என்றார் வீரம்மா, மெதுவாக. "அப்ப குல்லா அழிஞ்சே போச்சா?"

"ஒண்ணும் அழியலக்கா. குல்லா அடியிலதான் கெடக்கு, முடியைத் தனித் தாளு மாதிரி மேல வச்சிருக்கேன். இங்க பாருங்க." திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கண் படத்தை ஹபீபா அழுத்தினார். முடி மறைந்து குல்லா வந்தது. மறுபடி அழுத்தினார். குல்லா போனது.

வீரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொருக்கா கழட்டச் சொல்லுங்க!"

கழன்றது.

"இன்னொருக்கா!"

கழன்றது. "இப்பத்தான் மனுசன் சொன்ன பேச்சு கேக்குறாரு" என்று வீரம்மா சிரித்தார். சிரித்த வாக்கிலேயே கண்ணைத் துடைத்தார். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரும் அன்றைக்குப் பார்த்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

"அப்ப இதையே பிரிண்ட் போட்டுரவாக்கா?"

"இது நாத்தனா வீட்டுக்கு இருக்கட்டும்." வீரம்மா எழுந்து திரையை ஒருமுறை தடவினார். "என் வீட்டுக்குப் போடுறதுல குல்லாயை மாட்டிவிட்டுருங்க தங்கச்சி. குளுரும்."