இடப்பக்க டிவியில் காலியான தெரு

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு பத்து. வானம் மூடிக் கிடந்தது. காற்று அசையவில்லை. மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத புழுக்கம்.

மாட்டுத்தாவணிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு டிவிகளை அருகருகே வைத்திருந்தோம். ஒன்று எங்களுடையது. அதே அளவில் இன்னொன்றை மருமகன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் இருப்பது கறுப்பு கேம் பெட்டி. என் மகனிடம் இருப்பது வெள்ளை. இரண்டும் போட்டிக் கம்பெனிகள் செய்தவை. ஒரே விளையாட்டு எந்தப் பெட்டியில் நன்றாக ஓடுகிறது என்ற சண்டை பொங்கலிலிருந்து நடந்துகொண்டிருந்தது.

"மாப்ள, தெருவுல நாலு பேரு சேந்து வந்தாலே ஒன் பெட்டி நொண்டுதுய்யா," என்றார் மருமகன்.

"உங்க பெட்டி மட்டும் என்ன மச்சான்? அதுக்கு மேல கல்லைப் போட்டா தோசை ஊத்தலாம். அம்புட்டுச் சூடு."

"ரெண்டு பேருக்கும் சேத்து எழுபது வயசாகுது," என்றாள் என் மனைவி. "இது பேச்சா?"

நடுவராக என்னை உட்கார வைத்தார்கள். மிஷன் பள்ளி ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நான் ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

பதினேழு நாளைக்கு முன், உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் மானாவாரி நிலத்தைப் பார்க்க ஸ்கூட்டரில் போனேன். வெயில் ஏறாத காலை, நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் வெறுங்காடு. சாலையில் ஒருவரும் இல்லை. திடீரென்று என் இடது முழங்காலை ஒட்டி ஆடுகள். எங்கிருந்தும் ஓடி வரவில்லை. இல்லாத இடத்தில் இருந்தன. பிரேக் பிடித்து நின்றேன். "கண்ணு தெரியலையாண்ணே? இம்புட்டு நேரம் கத்துறேன்," என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. முகத்தைத் திருப்பியதும், குரல் வந்த இடத்தில் தலைப்பாகையும் கம்புமாக ஒரு ஆள் நின்றான்.

அதன்பின் வீட்டிலும் அப்படியே. காலி நாற்காலி என்று நினைத்துத் துண்டைப் போட்டால் அதில் மனைவி உட்கார்ந்திருப்பாள். மேசையில் இல்லாத டம்ளர் கை பட்டு உருளும். வெளியில் சொன்னால் முதலில் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்குவார்கள். சாவி போனால் நிலத்துக்குப் போக முடியாது. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பிள்ளைகளைக் கேட்டு நிற்கவேண்டும். அதற்கு முன்பிருந்தே மகன் விளையாடுவதை வெகுநேரம் வேடிக்கை பார்ப்பேன். தூரத்து மரங்கள் அதிலும் அப்படித்தான் இல்லாமலிருந்து முளைத்தன. "கிட்ட போனாத்தான் பெட்டி அதை வரையும்பா, பாக்காத இடத்தை எதுக்கு வரையணும்?" என்றான் மகன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம். அதிகம் பார்த்ததால் இந்தப் பெட்டியின் குறை என் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பார்ப்பதை நிறுத்தினால் போய்விடும். சாவியும் என்னிடமே இருக்கும். குறை பெட்டியுடையதுதான் என்று உறுதி செய்துகொள்ளவே நடுவராக உட்கார்ந்தேன்.

முதல் சோதனை நல்லபடி முடிந்தது. நொடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும் மகனின் போனில் இரண்டு டிவிகளையும் பதிவு செய்து, மெதுவாக ஓட்டி எண்ணினேன். கறுப்புப் பெட்டியில் விளையாட்டின் ஒவ்வொரு படமும் போனின் நாலு படத்துக்கு நின்றது. அதாவது நொடிக்கு அறுபது. வெள்ளையிலும் அதேதான். ஆனால் கூட்டம் வந்த இடங்களில் சில படங்கள் எட்டு வரை நின்றன. நொண்டுவது உண்மை. அதே சமயம் வெள்ளையில் நிழல்களின் ஓரம் சுத்தமாக இருந்தது. கறுப்பில் ரம்பப்பல் மாதிரி வெட்டு.

"நிழலை வச்சு என்ன பண்ண, உக்காந்து இளைப்பாறவா?" என்றார் மருமகன்.

இரண்டாவது சோதனை, தெரு. ஏதோ வெளிநாட்டு ஊரின் கடைத்தெரு, அந்தி நேரம். இரண்டிலும் கதாநாயகனை ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். எதில் கூட்டம் அடர்த்தி என்று ஒரே பார்வையில் ஒப்பிட்டுச் சொல்லவேண்டும். கண் ஒரு பக்கம் சாய்ந்தால் தீர்ப்பும் சாயும். அதனால் இரண்டு டிவிகளுக்கும் நடுவே சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, ஸ்டூலின் மேல் தலையணை வைத்து, அதில் மோவாயை ஊன்றி, கோட்டை மட்டும் பார்த்தேன்.

வலப்பக்கம் வெள்ளைப் பெட்டியின் தெருவில் ஆட்கள் கசகசவென்று நடந்தார்கள். இடப்பக்கம் கறுப்புப் பெட்டியில் கூரைகள் இருந்தன, வானம் இருந்தது, விளக்குகள் எரிந்தன. கீழே தெரு மட்டும் காலி. அகலமான, கழுவிவிட்ட மாதிரியான தெரு.

"கறுப்புப் பெட்டி ஆட்களை வரையவே இல்லை. அதனால்தான் நொண்டாமல் ஓடுகிறது," என்றேன்.

"என்ன மாமா சொல்றீங்க? திருவிழா மாதிரி ஜேஜேன்னு போறாங்க."

நேராகத் திரும்பிப் பார்த்தேன். ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடி கோட்டைப் பார்த்தேன். தெரு காலி. திரும்பினால் கூட்டம், கோட்டைப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நான் பார்க்காத நேரம் பார்த்து அத்தனை பேரும் எங்கோ போய் நிற்கிற மாதிரி.

"நான் பார்க்காதபோது இந்தப் பெட்டி அழித்துவிடுகிறது."

மகன் சிரித்தான். "யப்பா, உங்க கண்ணு எங்க பாக்குதுன்னு பெட்டிக்கு எப்புடித் தெரியும்?"

தராசின் மேல் சந்தேகம் வந்தால் எடையையும் பொருளையும் தட்டு மாற்றிவைத்து நிறுக்கச் சொல்வது என் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ மாணவர்களை அப்படி வதைத்திருக்கிறேன். "வயரை மாற்று," என்றேன். "கறுப்பு வலப்பக்கம் வரட்டும், வெள்ளை இடப்பக்கம் போகட்டும். இடப்பக்கம் நிறைந்தால் குற்றம் கறுப்புப் பெட்டியுடையது." அது நிறையவேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மாற்றினார்கள். மோவாயை ஊன்றினேன். வலப்பக்கம், கறுப்புப் பெட்டியின் தெரு, ஜனக்கூட்டம். இடப்பக்கம், வெள்ளைப் பெட்டியின் தெரு, காலி.

"வயர் சரியாக மாட்டவில்லை. தம்பி எங்கே? அவனை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள் மாப்பிள்ளை."

மகனின் குரல், எதிரே இடப்பக்கத்திலிருந்து, அந்தக் காலித் தெருவுக்குள்ளிருந்து வந்தது.

"யப்பா, நான் இங்கனதான் இருக்கேன்."

இடப்பக்க டிவிக்கு முன்னால் வயரைப் பிடித்தபடி குத்தவைத்திருந்தானாம். டிவியின் கீழ்ப்பாதியை அவன் முதுகு மறைத்திருந்தது என்று பின்னால் சொன்னார்கள். நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் மறைத்ததையும் பார்க்கவில்லை. அவன் இருந்த இடத்தில் தெரு நீண்டுகொண்டிருந்தது. கல் பாவிய தெரு, ஒரு குறையும் இல்லாமல். அங்கே இருட்டாவது தெரிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"கோட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க மாமா," என்றார் மருமகன். அவர் குரலில் கேலி போயிருந்தது. "இப்ப என் கை தெரியுதா? இப்ப?"

இப்ப, இப்ப என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது தடவை மூக்குக்கு நேரே ஐந்து விரல்கள் முளைத்தன. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்தாள். எந்தப் பக்கம் நின்றாள் என்று கை பட்டபோதுதான் தெரிந்தது.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, மோவாயை ஊன்றி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டன். எங்காவது ஒளிப்புள்ளி மினுங்கினால் அழுத்தவேண்டும். மகன் விளையாடுவது மாதிரிதான். வெகுநேரம் ஒன்றும் மினுங்கவில்லை. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத் தெரியாத பக்கத்தில்.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். மூளையின் பின்பக்கம், வலப்புறம், சிறிய ரத்தக்குழாய் ஒன்று என்றைக்கோ அடைத்திருக்கிறது. வலியில்லாமல் வந்து போயிருக்கிறது. அந்தப் பகுதி ஏற்கவேண்டிய காட்சி, இரண்டு கண்ணுக்கும் இடது கீழ்ப்பக்கம், போய்விட்டது. வெறுமையாக விடாமல் பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையே நிரப்பிக்கொள்ளும். "போனது திரும்ப வர வாய்ப்பு குறைவு. இன்னொன்று அடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். வண்டி மட்டும் வேண்டாம் ஐயா."

சாவியை யாரும் பிடுங்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நானே மருமகன் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். "நிலத்துக்குப் போகணும்னா சொல்லுங்க மாமா, நான் வாரேன்," என்றார். இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறார். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது இடப்பக்கக் காடு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆளே இல்லை என்று இப்போது நான் நினைத்துக்கொள்வதில்லை. தலையைத் திருப்புகிறேன். சில சமயம் யாராவது நிற்கிறார்கள். பக்கத்திலேயே, என்னைப் பார்த்தபடி.

ஸ்கேன், கண் பரிசோதனை, மூன்று நாள் படுக்கை, மாத்திரை எல்லாம் சேர்த்து அறுபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய். ஸ்கூட்டரை விற்றதில் வந்தது பதினெட்டாயிரம். கழித்தால் கையிலிருந்து போனது நாற்பத்தாறாயிரத்து முந்நூற்று எண்பது.