சாலைக்கு முதுகு காட்டிய நிழற்குடை

நோரீன் டூஹிக்கு ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. இருந்த வியாதி ஒன்றே ஒன்றுதான். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்துவிடும். ஏழு வயதில் தேவாலயத்தில் முதல் தடவையாகப் புதுநன்மை வாங்க நின்றபோது பாதிரியார் தும்மினார் என்று சிரித்தாள். இருபத்தாறு வயதில் ஒரு நல்ல மனிதர் மண்டியிட்டு, "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்டபோது அவர் கால்சட்டை கிழிந்த சத்தத்துக்குச் சிரித்தாள். அவர் எழுந்து போய் லிமெரிக்கில் ஒரு பல் டாக்டரம்மாவைக் கட்டிக்கொண்டார். "போகட்டும், சிரிப்புக்குப் பயப்படுறவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள் நோரீன்.

இப்படிப்பட்டவளுக்குக் கடவுள் எங்கே வேலை போட்டுக் கொடுத்தார் தெரியுமா? டப்ளினில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், நேயர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசும் மேசையில். அந்த மேசையின் முதல் விதி, சிரிக்கக் கூடாது. இரண்டாவது, சொந்தப் பேரைச் சொல்லக் கூடாது. மூன்றாவது, நேயர் சொன்னதைச் சொன்னபடியே பதிவேட்டில் எழுத வேண்டும். சிரிப்பு முட்டினால் இடது தொடையைக் கிள்ளிக்கொண்டே இருபத்தேழு வருஷம் ஓட்டிவிட்டாள். அந்தத் தொடைக்குத் தனியாக ஓய்வூதியம் கொடுக்கலாம்.

அதிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி இருக்கிறதே, அது பெரிய சோதனை. அந்த நேரத்தில்தான் நையாண்டி நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. மந்திரி, பிஷப், வானிலை வாசிக்கிறவர் என்று ஒருவரையும் விட மாட்டார்கள். முதல் ஜோக் முடிவதற்குள் போனில் விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும்.

"அந்த ஆளோட டையைப் பாத்தீங்களா? போன வாரமும் அதே டை. வீட்ல பொம்பளை யாரும் இல்லையா?"

"பதிவு பண்ணிக்கிட்டேம்மா."

"நான் ரொம்பக் கோவமா இருக்கேன். என் மச்சான் குடும்பம் வந்து உக்காந்துட்டதால நிகழ்ச்சியைப் பாக்கவே முடியல. என்னத்துக்குக் கோவப்படணும்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"பிஷப்பைக் கிண்டல் பண்ணது மகா பாவம். மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு?"

எல்லாவற்றையும் எழுதுவாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் மலாக்கி வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு குலுங்குவான். நோரீன் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது.

தொடை தோற்றுப்போனது ஒரே ஒரு தடவை. அது மேசையில் இல்லை, தேவாலயத்தில்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா இறந்தார். சொந்த ஊரான கில்டராவில் அடக்கம். அண்ணன் ஃபெஸ்டஸ் அங்கே கவுன்சிலர். வீட்டில் ஃபெஸ்டி. பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, மூன்று தடவை தொண்டையைச் செருமி, அம்மாவைப் பற்றி அருமையாகப் பேசினான். கல்லும் கரையும். முடிக்கும் இடத்தில்தான் முப்பது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்துவிட்டது. "ஆகவே பெரியோர்களே, உங்கள் முதல் விருப்ப ஓட்டை எனக்கே அளிக்குமாறு" என்று சொல்லி, அப்படியே நின்றுவிட்டான்.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது. நோரீன் தொடையைக் கிள்ளினாள், பலிக்கவில்லை. அவள் சிரித்ததும் பாதிச் சபை சிரித்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஃபெஸ்டி போன் பண்ணினான். "அம்மா பெட்டிக்கு முன்னாடி என்னைச் சந்தி சிரிக்க வச்சிட்ட" என்றான். அப்புறம், "பை" என்றான். ஒரே ஒரு பை. எங்கள் கில்டரா பக்கத்தில் விவாகரத்து வாங்கினவர்கள்கூட ஒற்றை 'பை' சொல்லிப் போனை வைக்க மாட்டார்கள். பை, பை, பை பை பை என்று குறைந்தது ஐந்தாறு போய்த்தான் போன் கீழே இறங்கும். அந்த ஒற்றைப் பையை நோரீன் ஆறு வருஷம் நெஞ்சில் முள்ளாக வைத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் அட்டை வரும், அண்ணி கொரெட்டியின் கையெழுத்து மட்டும் இருக்கும்.

இந்த அக்டோபரில் கொரெட்டி கூப்பிட்டாள். "அடுத்த மாசம் பத்தாம் தேதி எனக்கு அறுபது முடியுது. அவரே சொன்னாரு, 'அவளையும் கூப்பிடு'ன்னு. பேரைச் சொல்லல. ஆனா சொன்னாரு."

நோரீன் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். சந்தோஷ அழுகைதான்.

ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? கொரெட்டி அந்தப் போனிலேயே ஊர்க்கதை ஒன்றும் சொல்லியிருந்தாள். ஃபெஸ்டி கில்டராவில் பஸ் நிழற்குடை ஒன்றைத் திறந்துவைத்தானாம். ஒன்பது வருஷமாகப் பஸ்ஸே வராத ஊர். அதிலும் நிழற்குடை சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோட்டத்துச் சுவரைப் பார்த்து நிற்கிறதாம். மறுநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது நோரீன் இதை நிகழ்ச்சிக்கு எழுதுகிற ஃபியாக்ராவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சொல்கிற ருசியில் சின்ன வயசுக் கதை ஒன்றையும் அவிழ்த்துவிட்டாள். ஃபெஸ்டி சிறுவனாக இருந்தபோது கோழிக் கூண்டுக்குள் நின்று, கோழிகளை "மாண்புமிகு உறுப்பினர்களே" என்று கூப்பிட்டு மேடைப்பேச்சுப் பழகுவான். முட்டை எடுக்கப் போன நோரீனைத் தவிர அதைப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது.

நவம்பர் மூன்று, ஞாயிறு. சுவரிலிருந்த டிவியை நோரீன் ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு கவுன்சிலர், காற்றில் தோளுக்குப் பின்னால் பறக்கும் டை, சுவரைப் பார்த்த நிழற்குடை. 'ஊர் பேரைச் சொல்லல, தப்பிச்சேன்' என்று நினைப்பதற்குள் கவுன்சிலர் குனிந்து, காலடியில் மேய்ந்த நிஜக் கோழிகளைப் பார்த்து, "மாண்புமிகு உறுப்பினர்களே!" என்றார்.

"அடப்பாவி ஃபியாக்ரா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் நோரீன்.

விளக்குகள் எரிந்தன. முதலில் ஒரு அம்மாள். "அந்தச் செவலைக் கோழி குளிர்ல நடுங்குது. யாராவது உள்ள தூக்கிட்டுப் போங்க." அடுத்து ஒரு கனத்த குரல். "நான் கவுன்சிலர் பேசுறேன். அது நான்தான்னு எனக்குத் தெரியும். மானநஷ்ட வழக்குப் போடுவேன்." எந்த ஊர் என்று கேட்டாள். வடக்கே எங்கோ ஒரு ஊர். பதிவு பண்ணிக்கொண்டாள். அதற்கடுத்து இன்னொரு கவுன்சிலர், அவரும் "அது நான்தான்" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா! எட்டரை மணிக்குள் பதினோரு கவுன்சிலர்கள் அது தாங்கள்தான் என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

"நோரீன், இந்த நாட்டுல ஒரு நிழற்குடையாவது ரோட்டைப் பாத்து நிக்குதா?" என்று மலாக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நோரீன் பதிவேட்டில் பேர்களை எண்ணினாள். பதினோரு பேர் சண்டைக்கு நின்றால் பன்னிரண்டாவது ஆளுக்குச் சந்தேகம் வராமல் போகலாம். ஆனால் கோழி? கோழிக்கு என்ன பதில் சொல்வது? ஒரே வாரம் பாக்கி. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த விளக்கு. எடுத்தாள். எதிர்முனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

மேசைக் குரலை வரவழைத்துக்கொண்டாள். "வணக்கம், நேயர் சேவை. உங்க பேர்?"

"கவுன்சிலர் ஃபெஸ்டஸ் டூஹி, கில்டரா. ஒரு புகார்."

"சொல்லுங்க."

"பக்கத்து ஊர் ட்ரம்கீல் கவுன்சிலர் உங்களுக்கு போன் பண்ணி, அது அவன் நிழற்குடைன்னு சொன்னானாமே? பப்ல உக்காந்து பீத்திக்கிட்டிருக்கான். பச்சைப் பொய்! அவனோடது ரோட்டைப் பாத்துத்தான் நிக்குது, சாதாரண நிழற்குடை. சுவத்தைப் பாத்து நிக்கிறது எங்களோடது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதையும் எழுதுங்க. பஸ் வந்து ஒம்பது வருஷமாச்சு. மழை தினமும் வருது, ரோட்டுப் பக்கமிருந்துதான் வருது. எதுக்கு முதுகைக் காட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

இடது தொடையை நோரீன் பிடித்த பிடி, பாவம் அந்தத் தொடை. "பதிவு பண்ணிக்கிட்டேங்க."

"இன்னும் ஒண்ணு இருக்கு." குரல் தாழ்ந்தது. "கோழி."

நோரீனின் பேனா நின்றது.

"நான் கோழிங்களுக்கு முன்னாடி பேசினதைப் பாத்தது உலகத்துல ஒருத்திதான். முட்டை எடுக்க வந்தவ." தொண்டையைச் செருமினான். "டிவியில ஆறு கோழி காட்டினாங்க. நம்ம கூண்டுல பதினாலு இருந்துச்சு. எனக்கு வந்த கூட்டத்தைக் குறைச்சுக் காட்டியிருக்காங்க. இது எனக்கு அவமானம். எழுதிக்கோ."

'எழுதிக்கோ' என்றான், 'எழுதிக்குங்க' இல்லை. அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமாகத் தொடையில் கட்டிப்போட்டிருந்த சிரிப்பெல்லாம் மொத்தமாக அவிழ்ந்துகொண்டது. மலாக்கி பயந்து தண்ணீர் எடுக்க ஓடினான்.

"சிரிச்சிட்டியா?" என்றான் ஃபெஸ்டி.

"சிரிச்சிட்டேன் ஃபெஸ்டி."

"அம்மா பெட்டிக்கு முன்னாடியும் இப்படித்தான் சிரிச்ச."

"நீ ஓட்டுக் கேட்டியே!"

மறுபடியும் செருமுகிறான் என்று நினைத்தாள். இல்லை, சிரிக்கிறான். வராமல் வராமல், துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அம்மா எனக்குப் போட்டிருப்பாங்களா?"

"அம்மா சாகிற வரைக்கும் எதிர்க்கட்சிக்குத்தான் போட்டாங்க."

"தெரியும்" என்றான். மூக்கை உறிஞ்சினான். "பத்தாம் தேதி வந்துடு. ட்ரம்கீல்ல இறங்கு, நான் வண்டி எடுத்துட்டு வர்றேன். மழை பெஞ்சாலும் அவங்க நிழற்குடையில மட்டும் நிக்காத."

"நிக்க மாட்டேன்."

"சரி. பை."

நோரீன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"பை, பை" என்றான் ஃபெஸ்டி. "பை பை பை பை பை…" போன் வாயைவிட்டு விலகி, மேசைக்கு இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனான். இவளும் விடாமல் சொன்னாள்.

மலாக்கி தண்ணீரோடு வந்து நின்றான். "இதை எப்படி எழுதப்போற?"

விதி விதிதானே. நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்து எழுதினாள்: 'கில்டரா நேயர். எட்டுக் கோழி குறைவு.'